புது ஏர்லைன்ஸில் பைலட் வேலை: ஆயுசுக்கும் தாங்குமா?

வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் படப்பை தாண்டி, ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஊர் சேரப்பணஞ்சேரி. சுற்றுவட்டாரம் முழுக்க கார் கம்பெனி, டயர் கம்பெனி, புல்லட் கம்பெனி. ஷிப்ட் பஸ் வரும் நேரத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம். இங்கே பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் "அடுத்து என்ன?" என்றால் டிப்ளமா, இன்ஜினியரிங், இல்லாவிட்டால் பி.காம். இவ்வளவுதான் பதிலாக இருந்தது.

இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: பைலட். காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். 2020-ல் 'சூரரைப் போற்று' வந்தது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்துப் போராடுவது ஒருபக்கம் இருக்க, மறுபக்கம் 'ஏர்போர்ட் பக்கத்துலயே வரப்போகுது' என்ற கணக்கு பல வீடுகளில் ஆரம்பமாகிவிட்டது. காமர்ஸ் குரூப் எடுத்தவர்களும் என்.ஐ.ஓ.எஸ். மூலம் பிசிக்ஸ், மேத்ஸ் எழுதிவிட்டு பைலட் பயிற்சிக்குப் போகலாம் என்பது தெரிந்த பிறகு, கணக்குப்பதிவியல் வகுப்பின் கடைசி பெஞ்சிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. :-)

கோர்ஸை எங்கே படிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படித்து முடித்து லைசென்ஸ் கையில் வந்தபிறகு எந்த ஏர்லைன்ஸில் சேர்வது என்பதைப் பற்றி மட்டும் யாரும் சரியாகப் பேசுவதில்லை. முக்கியமாக, ஆகாசா ஏர் மாதிரி நேற்று ஆரம்பித்த கம்பெனி கூப்பிட்டால் போகலாமா? முப்பது வருஷம் ஓட்டவேண்டிய வேலைக்கு அது நல்ல இடமா?

முதலில் வட்டிக் கணக்கு

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அது முடிந்ததும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என்று ஏதாவது ஒரு ரகத்துக்கு 'டைப் ரேட்டிங்' வாங்க வேண்டும். எல்லாம் சேர்த்து அரைக் கோடியைத் தாண்டும். கம்பெனிகள் நடத்தும் கேடட் திட்டம் என்றால் ஒரு கோடியை நெருங்குவதும் உண்டு.

சேரப்பணஞ்சேரியில் ஒரு வீடு நிலத்தை அடமானம் வைத்து 60 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 11 சதவீதம், தவணை 10 வருஷம். மாதா மாதம் கட்டவேண்டியது ஏறத்தாழ 82,650 ரூபாய். பத்து வருஷத்தில் மொத்தம் 99 லட்சத்துக்கு மேல். வேலை கிடைக்காமல் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி மட்டுமே 55,000. இரண்டு வருஷம் காத்திருந்தால் 13 லட்சத்துக்கும் அதிகம்.

ஒரு பைலட்டின் முதல் வேலையைப் பற்றிப் பேசும்போது இந்த 82,650-ஐ மறக்கக்கூடாது. சம்பளம் மூன்று மாதம் நின்றால் சமாளிக்கிற வேலை இது கிடையாது. நிலம் போய்விடும்.

சீனியாரிட்டி என்கிற நம்பர்

மற்ற வேலைகளுக்கும் பைலட் வேலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பேங்கில் பத்து வருஷம் வேலை பார்த்தவர் இன்னொரு பேங்குக்கு மேனேஜராகவே போகலாம். ஏர்லைன்ஸில் பொதுவாக சேர்ந்த தேதியை வைத்து ஒரு சீனியாரிட்டி நம்பர் தருவார்கள். கோ-பைலட் எப்போது கேப்டன் ஆவார், எந்த ஊரில் பேஸ் கிடைக்கும், பெரிய விமானத்துக்கு யார் முதலில் போவார் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த நம்பரைப் பொறுத்ததுதான். கம்பெனி மாறினால் அந்த நம்பர் போச்சு. புது இடத்தில் வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டும்.

புது ஏர்லைன்ஸின் கவர்ச்சியே இங்கேதான். வரிசையில் முன்னால் ஆளே இல்லை. 2006 ஆகஸ்டில் இண்டிகோ முதல் விமானத்தை ஓட்டியபோது அதுவும் ஒரு புதுக் கம்பெனிதான். முதல் விமானம் பறப்பதற்கு முன்பே, 2005-ல், 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. சொன்ன விமானங்கள் வரிசையாக வந்தன. இன்று 400-க்கும் மேற்பட்ட விமானங்களோடு உள்நாட்டுச் சந்தையில் 60 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனி அது. ஆரம்பத்தில் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பைலட்டுகள் வரிசையில் வந்து நின்றார்கள். அதே பைலட் இன்றைக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின்னால் நிற்பார்.

கேப்டன் சம்பளம் கோ-பைலட் சம்பளத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. அது மூன்று வருஷம் முன்னால் வருவதா, மூன்று வருஷம் தள்ளி வருவதா என்பதில் அந்த 60 லட்சக் கடனின் தலையெழுத்தே மாறும். ஆக, 'புதுசு என்றாலே ஆபத்து, பெருசு என்றாலே பாதுகாப்பு' என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

ஆகாசா கதை

ஆகாசாவின் முதல் விமானம் 2022 ஆகஸ்ட் 7-ம் தேதி மும்பையிலிருந்து அகமதாபாத்துக்குப் பறந்தது. பெரிய முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா. விமானம் பறந்து ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 14-ம் தேதி, அவர் காலமானார். கம்பெனி நிற்கவில்லை. ஒரு வருஷத்தில் 20 விமானம். அந்த வேகத்தை அதுவரை இந்தியாவில் பெரிதாக யாரும் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்குப் பறக்க 20 விமானம் வேண்டும் என்ற விதியும் அதோடு நிறைவேறியது. 2024 மார்ச்சில் தோஹாவுக்குப் பறந்தார்கள். 2024 ஜனவரியில் மேலும் 150 போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, மொத்த ஆர்டர் 226 ஆனது.

விளம்பரம் இந்த 226-ஐத்தான் காட்டும். பைலட் பார்க்கவேண்டியது வேறு நம்பர். 2023 ஆகஸ்டில் 20 ஆக இருந்த விமானங்கள் 2025 ஆகஸ்டில் சுமார் 30. முதல் வருஷம் 20 வந்த இடத்தில் அடுத்த இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பத்து!

இதில் கம்பெனியின் தவறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 2024 ஜனவரி 5-ம் தேதி அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானத்தில் கதவு அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. உடனே அமெரிக்க விமானத் துறை போயிங்கின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. அந்த வருஷக் கடைசியில் போயிங் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு அருகில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சியாட்டில் பக்கம் நடந்ததற்கு இங்கே இருக்கும் பைலட் பாதிக்கப்பட்டார். விமானம் வரும் என்று நம்பி முன்கூட்டியே வேலைக்கு எடுக்கப்பட்ட பலர் பறக்காமல் காத்திருக்க நேர்ந்தது.

பறக்காத பைலட்டுக்கு என்ன நஷ்டம்? சம்பளத்தில் ஒரு பகுதி பறக்கும் மணிக்கணக்கை வைத்து வரும். அதைவிடப் பெரிய நஷ்டம் அனுபவ மணி. கேப்டன் ஆவதற்குத் தேவையான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். படிக்கும்போது பறந்த 200 போக இன்னும் 1,300. வருஷத்துக்கு 750 மணி பறந்தால் இரண்டு வருஷத்துக்குள் முடிந்துவிடும். மாதம் 20 மணிதான் கிடைத்தால் ஐந்தரை வருஷம். வரிசையில் முன்னால் யாரும் இல்லை என்பது உண்மைதான், ஆனால் வரிசை நகரவேண்டுமே.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆகாசாவின் நஷ்டம் 2022-23-ல் சுமார் 744 கோடி. 2023-24-ல் சுமார் 1,670 கோடி. அதே 2023-24-ல் இண்டிகோவின் லாபம் 8,172 கோடி. வளரும் கம்பெனி முதல் சில வருஷம் நஷ்டத்தில் ஓடுவது புதிதல்ல, பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். கேட்கவேண்டியது, இந்த நஷ்டத்தை இன்னும் எத்தனை வருஷம் தாங்க முதலாளிகள் கையில் பணம் இருக்கிறது என்பதை.

கல்லறைப் பட்டியல்

நம் பக்கமே இதற்கு உதாரணங்கள் நிறைய. மதுரைக் குழுமம் ஒன்று 2005-ல் ஆரம்பித்த பாரமவுண்ட் ஏர்வேஸ் சென்னையிலிருந்து எம்ப்ரயர் விமானங்களை ஓட்டியது. குத்தகைத் தகராறில் 2010-ல் நின்றுபோனது. கோவையில் 2016 ஜூலையில் ஆரம்பித்த ஏர் கார்னிவல் 2017-ல் காணாமல் போனது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013-ல் தொடங்கி 2017-ல் முடிந்தது. கிங்ஃபிஷர் 2005-ல் வந்து 2012 அக்டோபரில் தரையில் நின்றது. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, புதுக் கம்பெனி என்றாலே இப்படித்தான்" என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. ஜெட் ஏர்வேஸ் 1993-ல் ஆரம்பித்தது. 2019 ஏப்ரல் 17-ம் தேதி கடைசி விமானம் பறந்தபோது அதற்கு வயது 26 முடியப்போகிறது. கோ ஃபர்ஸ்ட் 2005-ல் கோ ஏராகத் தொடங்கி, 17 வருஷம் ஓடி, என்ஜின் கோளாறுகளால் பாதி விமானங்கள் தரையில் நிற்க, 2023 மே மாதம் நின்றது. வயதான கம்பெனியும் சாகிறது. ஜெட்டில் இருபது வருஷ சீனியாரிட்டி வைத்திருந்த கேப்டனின் நம்பருக்கு 2019 ஏப்ரல் 18-ம் தேதி காலையில் எந்த மதிப்பும் இல்லை.

ஒரு ஏர்லைன்ஸ் செத்தால் பைலட்டுக்கு என்ன மிச்சம் என்பதும் வணிகச் சட்டம் படித்தவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம். 2016-ம் வருஷத்து திவால் சட்டத்தின் 53-வது பிரிவில் பணம் பிரிக்கும் வரிசை இருக்கிறது. நடைமுறைச் செலவு போக, அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர்களும் முன்னால். மற்ற ஊழியர்களின் கடைசி 12 மாதச் சம்பளம் அதற்குப் பிறகு. பைலட் 'தொழிலாளி'யா இல்லையா என்பதே கோர்ட் வரைக்கும் போன கேள்வி. ஒரு ஃபேக்டரி மூடினால் நிலம், கட்டடம், மெஷின் இருக்கும், விற்றுக் கொடுக்கலாம். இங்கே விமானங்களே பெரும்பாலும் குத்தகை. கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில் 54 விமானங்களின் பதிவை ரத்து செய்ய டெல்லி உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. குத்தகைக்காரர்கள் அவரவர் விமானத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். விற்க மிச்சம் என்ன இருக்கும்?

ஒருவருக்கு ஒரு வருஷம், ஒருவருக்கு ஒரு நாள்

2023-ல் ஆகாசாவிலிருந்து 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகினார்கள். விமானங்களை ரத்து செய்யவேண்டி வந்தது. கம்பெனி நஷ்டஈடு கேட்டு பம்பாய் உயர்நீதிமன்றம் போனது. 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட விதிப்படி கேப்டன் என்றால் 12 மாதம், கோ-பைலட் என்றால் 6 மாதம் நோட்டீஸ் தரவேண்டும். பைலட் சங்கங்கள் அந்த விதியையே எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்தன.

பயணிகள் பக்கம் நின்று பார்த்தால் பைலட்டுகள் செய்தது சரியில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு குழந்தை குட்டியோடு ஏர்போர்ட்டில் நிற்பவர் என்ன பாவம் செய்தார்? ஒரே இரவில் ஒரு பைலட்டை உருவாக்கிவிடவும் முடியாது. நோட்டீஸ் காலம் தேவைதான்.

ஆனால் மறுபக்கம் கோ ஃபர்ஸ்ட் என்ன செய்தது? 2023 மே 2-ம் தேதி திவால் மனு. மே 3-ம் தேதி விமானம் இல்லை. பைலட் போவதாக இருந்தால் ஒரு வருஷம் முன்பே சொல்லவேண்டும். கம்பெனி போவதாக இருந்தால் ஒரு நாள் போதும். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வீட்டுக்காரர்கள் இதைத் தெரிந்துதான் போடுகிறார்களா என்பது சந்தேகம். புதுக் கம்பெனியில் இந்த 12 மாதம் இன்னும் கனமானது. ஆபத்து வருகிறது என்று தெரிந்தபிறகும் உடனே இறங்க முடியாது.

நோக்கியா சொல்லிக்கொடுத்த பாடம்

இந்த விஷயத்தில் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கத்துக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நோக்கியா ஃபேக்டரி 2006-ல் உற்பத்தி ஆரம்பித்தது. உலகத்திலேயே பெரிய செல்போன் கம்பெனி. 2014 நவம்பரில் மூடினார்கள். ஆயிரக்கணக்கான பேர், அதிலும் நிறைய இளம்பெண்கள், வெளியே வந்தார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓடி 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. இரண்டுமே நேற்று முளைத்த கம்பெனிகள் இல்லை.

இப்படி ஒரு கம்பெனி மூடும்போது, வெளியே எடுத்துப்போக ஒரு தொழிலோ படிப்போ கையில் இருந்தவர்கள் அடுத்த கேட்டைத் தட்ட முடிந்தது. அந்தக் கம்பெனியின் லைனில் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு வேலையை மட்டும் கற்றிருந்தவர்கள் தடுமாறினார்கள். பைலட்டுக்கும் இதே அளவுகோல்தான். கையோடு எடுத்துப்போக முடிந்தவை: லைசென்ஸ், லாக் புக்கில் ஏறிய மணிகள், டைப் ரேட்டிங், கேப்டனாகப் பறந்த அனுபவம். எடுத்துப்போக முடியாதவை: சீனியாரிட்டி நம்பர், பாக்கிச் சம்பளம், கம்பெனி தருவதாகச் சொன்ன வாக்குறுதி.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிவு தானாகவே வருகிறது. புது ஏர்லைன்ஸ் எடுத்துப்போக முடிந்ததை வேகமாகத் தருமானால் அது நல்ல இடம். எடுத்துப்போக முடியாததை மட்டும் அள்ளித் தருமானால் அங்கே போகவேண்டாம்.

சேர்வதற்கு முன் கேட்கவேண்டியவை

1. ஆர்டர் எத்தனை என்று கேட்காமல், கடந்த 12 மாதத்தில் எத்தனை விமானம் வந்து இறங்கியது என்று கேட்கவேண்டும்.

2. இப்போது இருக்கும் கோ-பைலட்டுகள் மாதம் எத்தனை மணி பறக்கிறார்கள்? இதை ஹெச்.ஆரிடம் கேட்டுப் பயனில்லை. அங்கே பறப்பவர்களிடம் கேட்கவேண்டும்.

3. அதே ரக விமானத்தை இந்தியாவில் வேறு யார் ஓட்டுகிறார்கள்? 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் இந்தியாவில் தரையிறக்கப்பட்டபோது மீண்டும் பறக்க 2021 ஆகஸ்ட் ஆனது. ஒரே ரகத்தை நம்பும் கம்பெனியில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஏ320 என்றால் இண்டிகோ, ஏர் இந்தியா என்று கதவுகள் அதிகம். 737-க்குக் குறைவு.

4. நஷ்டம் எவ்வளவு, கடைசியாகப் புது முதலீடு எப்போது வந்தது? சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனால்கூட அது எச்சரிக்கை மணி. கிங்ஃபிஷரிலும் ஜெட்டிலும் மூடுவதற்கு வெகு நாள் முன்பே சம்பளம் இழுத்தடித்தது.

5. கடைசியாக வீட்டுக் கேள்வி. ஆறு மாதம் சம்பளமே வரவில்லை என்றால் அந்த 82,650-ஐ யார் கட்டுவது? இதற்குப் பதில் இல்லாத வீடு ஆகாசாவுக்கும் போகக்கூடாது, இண்டிகோவுக்கும் போகக்கூடாது. முதலில் கடனைக் குறைக்கும் வழியைப் பார்க்கவேண்டும்.

ஆகாசாவையே எடுத்துக்கொண்டால், கடன் சுமை குறைவாக இருக்கும் ஒருவருக்கு, விமானங்கள் மீண்டும் வேகமாக வரத் தொடங்கினால், முதல் ஐந்தாறு வருஷத்துக்கு அது நல்ல வாய்ப்பு. சீக்கிரம் கேப்டன் ஆகலாம், அந்த அனுபவத்தை யாரும் பறிக்க முடியாது. நிலத்தை முழுக்க அடமானம் வைத்து வந்த பிள்ளைக்கு, மணிகள் ஏறாத புதுக் கம்பெனியைவிட மெதுவாக நகரும் பெரிய வரிசையே மேல். 'ஆயுசுக்கும் இதே கம்பெனி' என்ற எண்ணத்தோடு எந்த ஏர்லைன்ஸிலும், புதுசோ பழசோ, சேரவேண்டாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது.

சேரப்பணஞ்சேரி மொட்டை மாடியில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு விமானத்தின் வாலில் எந்தக் கம்பெனி வண்ணம் என்பது முதலில் கண்ணில் படும். அந்த வண்ணம் பத்து வருஷத்தில் மாறிவிடலாம். அதற்கும் சேர்த்து வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு நிலப் பத்திரத்தை எடுத்தால் போதும். இந்தக் கணக்கில் எங்காவது தப்பு இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் சொல்லலாம்.